மணிக்கட்டு நிமிர்ந்தது போலத் தெரிந்தது: பிளேட் அறுவைக்குப் பிறகான பிசியோதெரபி, ஒரு நிகழ்வு ஆய்வு

மணிக்கட்டு முறிவுக்குப் பிளேட் பொருத்திய அறுவை முடிந்த ஏழாவது வாரம். என் குறிப்பேட்டில் மணிக்கட்டு நிமிர்த்தல் 42 டிகிரி என்று எழுதியிருந்தேன். முதல் வருகையில் இருந்தது 15 டிகிரி. பார்க்க நல்ல முன்னேற்றம். ஆனால் அதே நாளில், அரை டம்ளர் தண்ணீரைப் பிடித்து வாயருகே கொண்டுபோக நோயாளியால் முடியவில்லை. டம்ளரை இறுக்கிப் பிடித்த மறுகணமே மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமாகச் சரிந்தது. "கை என் பேச்சைக் கேட்கவே மாட்டேங்குது மேடம்" என்றார். எண் ஒன்று சொன்னது, கை வேறொன்று சொன்னது. தப்பு எண்ணில்தான் இருந்தது, அதுவும் நான் எடுத்த எண்ணில். அதற்காகவே இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன். (நோயாளியின் சம்மதம் பெற்றது, அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.)

நோயாளியும் முறிவும்

57 வயதுப் பெண், வலதுகைப் பழக்கமுள்ளவர், தையல் தொழில் செய்பவர். ஈரத் தரையில் வழுக்கி விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறார். முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறிந்து, உடைந்த முனை புறங்கைப் பக்கம் சாய்ந்திருந்தது. முறிவுக் கோடு மூட்டுக்குள்ளும் ஓடியிருந்தது. பக்கத்து எலும்பான அல்னாவின் நுனியிலும் சிறிய உடைவு. 1814-இல் டப்ளின் அறுவை மருத்துவர் ஏபிரகாம் கோலிஸ் எக்ஸ்-ரே இல்லாத காலத்திலேயே விவரித்த முறிவின் வகைதான் இது. அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

நான்காம் நாள் அறுவை நடந்தது. உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து லாக்கிங் பிளேட் பொருத்தியிருந்தார்கள். இந்தப் பிளேட்டில் ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும். எலும்பு கொஞ்சம் மெலிந்திருந்தாலும் பிடிப்பு தளராது. அதனால்தான் இந்த அறுவைக்குப் பிறகு மணிக்கட்டைச் சீக்கிரமே அசைக்க விட முடிகிறது. ரேடியஸும் அல்னாவும் சேரும் கீழ் மூட்டு உறுதியாக இருப்பதாக அறுவைக் குறிப்பில் எழுதியிருந்தது. முன்கையைத் திருப்பும் பயிற்சியை எப்போது, எவ்வளவு தைரியமாகத் தொடங்கலாம் என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும் என்பதால், நான் முதலில் தேடிப் படித்தது அதைத்தான்.

இரண்டு வாரம் மாவுக்கட்டு, தையல் பிரித்ததும் கழற்றி மாட்டும் ஸ்ப்ளின்ட் (தாங்குபட்டை). அப்புறம் மூன்று வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "வெயிட் தூக்காதீங்க" என்று சொன்னதை "அசைக்காதீங்க" என்று இவர் எடுத்துக்கொண்டார். கையை ஸ்லிங்கில் போட்டு மார்போடு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். இன்னொன்றையும் அவர் கைபேசியில் இருந்த பழைய படத்தில் பார்த்தேன்: மாவுக்கட்டு உள்ளங்கை ரேகையைத் தாண்டி விரல் கணுக்கள் வரை வந்திருந்தது. அப்படிப் போட்டால் விரல்களை அடியிலிருந்து மடக்க முடியாது, மேலே தூக்க மட்டுமே முடியும். இரண்டு வாரமும் அவர் செய்த ஒரே அசைவு அதுதான். பின்னால் நடந்ததற்கு விதை அங்கேயே விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் வாரம்: முதல் பரிசோதனை

உள்ளே வரும்போதே தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. வலது தோளை முன்பக்கமாக 120 டிகிரிக்கு மேல் உயர்த்த முடியவில்லை. அடிபட்டது மணிக்கட்டு, இறுகியது தோள். இந்தக் காட்சி எனக்குப் புதிதல்ல, ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். ஒரு நாளைக்கு ஐந்து முறை கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாலே தவிர்த்திருக்கலாம்.

கை முழுக்க வீக்கம். டேப்பை எட்டு வடிவில் சுற்றி அளந்தபோது இடது கையைவிட 1.8 செ.மீ. கூடுதல். ஓய்வில் வலி 10-க்கு 3, அசைத்தால் 6. விரல் மடக்கச் சொன்னால் நுனிகள் உள்ளங்கைக் கீழ்ரேகையைத் தொடாமல் 3 செ.மீ. தள்ளியே நின்றன. மணிக்கட்டு நிமிர்த்தல் 15 டிகிரி, மடக்கல் 20. உள்ளங்கையைக் கவிழ்த்தல் 60, மலர்த்தல் 25. பி.ஆர்.டபிள்யூ.இ. கேள்வித்தாளில் 78 வந்தது. இதில் வலிக்கு 5 கேள்வி, அன்றாட வேலைக்கு 10 கேள்வி, மொத்தம் 100. எண் கூடினால் சிரமம் அதிகம் என்று அர்த்தம். பிடிவலிமையை அன்று அளக்கவில்லை. எலும்பு சேர்ந்ததா என்று தெரியாமல் முழு வலுவோடு அழுத்தச் சொல்லக் கூடாது.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளில் தொடு உணர்வு சரியாக இருந்தது. இந்த முறிவில் நடு நரம்பு அழுந்துவது உண்டு என்பதால் அதை விட்டுவிடக் கூடாது. வீக்கமும் வலியும் சேர்ந்திருந்ததால் சி.ஆர்.பி.எஸ். என்ற வலி நோய்க்கூட்டு இருக்கிறதா என்று புடாபெஸ்ட் அளவுகோல்படி பார்த்தேன். தோல் நிறம், சூடு, வியர்வை, லேசாகத் தொட்டாலே வலிப்பது என ஒவ்வொன்றாகப் பார்த்ததில் வீக்கமும் அசைவுக் குறைவும் தவிர வேறில்லை. அளவுகோல் பூர்த்தியாகவில்லை. ஆனாலும் அடுத்த ஆறு வாரமும் ஒவ்வொரு வருகையிலும் அதைத் திரும்பப் பார்த்தேன்.

ஒரு விஷயத்தை அவரிடம் அன்றே தெளிவாகச் சொன்னேன். ஐந்து வாரம் தாமதமாக வந்ததால் மணிக்கட்டு பாழாகிவிட்டது என்று அவர் பயந்துபோயிருந்தார். அது உண்மையில்லை. இதே பிளேட் பொருத்தியவர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரத்துக்குள்ளும் இன்னொரு பிரிவினருக்கு ஆறு வாரத்திலும் மணிக்கட்டு அசைவைத் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் இரு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மணிக்கட்டு காத்திருக்கும். விரல்கள் காத்திருக்காது. அதனால் முதல் இரண்டு வாரமும் எங்கள் கவனம் விரல்கள் மேல்தான் இருந்தது.

கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைப்பது, அழுத்தக் கையுறை, விரல் நுனியிலிருந்து முழங்கையை நோக்கி மென்மையாகத் தடவி விடுவது, தோள் பயிற்சி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து முறை தசைநாண் வழுக்குப் பயிற்சி: விரல்களை நேராக நீட்டுதல், கொக்கி போல மடக்குதல், முழு முஷ்டி, மேசை போல அடியில் மட்டும் மடக்குதல், நுனி நேராக இருக்கும் முஷ்டி. ஐந்து வடிவங்களிலும் தசைநாண்கள் ஒன்றோடொன்று வெவ்வேறு அளவில் நகரும். அதனால் பிளேட்டுக்கு மேலே அவை ஒட்டிக்கொள்ளாது. தழும்பு முழுசாக மூடியிருந்ததால் அதன் மேல் வட்டமாக அழுத்தித் தேய்க்கவும் கற்றுக்கொடுத்தேன். பத்து நாளில் விரல் நுனிக்கும் ரேகைக்கும் நடுவே இருந்த 3 செ.மீ. இடைவெளி 0.5 செ.மீ. ஆனது. மணிக்கட்டு அசைவையும் கூடவே செய்யச் சொல்லி, வாராவாரம் அளந்து எழுதினேன்.

ஏழாம் வாரம்: எண் பொய்த்த இடம்

இப்போது அந்த 42 டிகிரிக்கு வருகிறேன்.

டம்ளர் சரிந்ததும் முதலில் மூட்டு இறுக்கத்தைச் சந்தேகித்தேன். ஆறாம் வார எக்ஸ்-ரேயில் எலும்பு சேரத் தொடங்கியிருந்தது. மெதுவாக நீட்டிப் பார்க்க அறுவை மருத்துவர் அனுமதி கொடுத்திருந்தார். என் கையால் தாங்கி நிமிர்த்தினால் மணிக்கட்டு 45 டிகிரி வரை தாராளமாக வந்தது. ஆக மூட்டு தடுக்கவில்லை. அப்புறம், "விரலை லேசாக மூடிக்கிட்டு, இப்ப மணிக்கட்டைத் தூக்குங்க அம்மா" என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார், உதட்டைக் கடித்தார், தோளைத் தூக்கினார். மணிக்கட்டு வந்தது 8 டிகிரி.

விரல் திறந்திருந்தால் 42. மூடினால் 8. இரண்டு வாரமாக நான் அளந்துகொண்டிருந்தது விரல் திறந்த அளவை.

மணிக்கட்டை நிமிர்த்தும் வேலைக்கென்று மூன்று தசைகள் இருக்கின்றன. இரண்டு கட்டைவிரல் பக்கமாக ஓடி, ஆள்காட்டி, நடுவிரல்களுக்கு நேரான உள்ளங்கை எலும்புகளின் அடியில் போய்ப் பிடிக்கும். மூன்றாவது சுண்டுவிரல் பக்கம் பிடிக்கும். இவை தவிர, விரல்களை நிமிர்த்தும் தசையும் மணிக்கட்டைத் தாண்டித்தான் போகிறது. அதனால் மணிக்கட்டுத் தசைகள் சோர்ந்து கிடந்தால் விரல் தசை அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் மணிக்கட்டு அழகாக நிமிரும். ஆனால் எதையாவது பிடிக்கும்போது விரல் மூட வேண்டும், விரல் மூடினால் அந்தத் தசை விட்டுவிட வேண்டும். அந்த நொடியில் மணிக்கட்டைத் தாங்க ஆள் இல்லை. விரல்களை மடக்கும் வலுவான தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். டம்ளர் சரிந்தது அப்படித்தான்.

மணிக்கட்டு மடங்கிய நிலையில் யாராலும் இறுக்கிப் பிடிக்க முடியாது. உங்கள் மணிக்கட்டை நன்றாக உள்ளே மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், தெரியும். முழு வலுவில் பிடிக்கச் சொன்னால் ஆரோக்கியமானவர்கள் தாமாகவே மணிக்கட்டைச் சுமார் 35 டிகிரி நிமிர்த்தி, சுண்டுவிரல் பக்கம் சற்றே சாய்த்து வைத்துக்கொள்கிறார்கள் என்று 1992-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே இவருக்குப் பிடிவலிமைப் பயிற்சி கொடுத்து மென்பந்தை அமுக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மடங்கிய மணிக்கட்டோடு ஆயிரம் முறை அமுக்கி, தவறான பழக்கம் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும். "ஸ்மைலி பந்து வாங்கி அமுக்குங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் ஆலோசனை எனக்குக் கோபம் வரவைப்பது இதனால்தான்.

நரம்புப் பாதிப்பு இல்லை என்று உறுதிசெய்வது அடுத்த வேலை. முழங்கையின் வெளிப்பக்க முட்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து, அவரை முயலச் சொன்னேன். தசை மெல்லியதாகத் துடித்தது. இணைப்பு இருக்கிறது, பழக்கம்தான் போயிருக்கிறது.

மறுபடி கற்றுக்கொடுத்தது

முன்கையைப் பக்கவாட்டில், கட்டைவிரல் மேல்பார்க்க மேசை மீது படுக்க வைத்தேன். இப்படி வைத்தால் கையின் எடையை மணிக்கட்டு தூக்க வேண்டியதில்லை. ஒரு பேனாவை நான்கு விரல்களும் தளர்வாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே: மணிக்கட்டை நிமிர்த்தும்போது பேனா நழுவக் கூடாது. விரல் தசை குறுக்கே வந்தால் விரல்கள் திறக்கும், பேனா விழும். விழுந்தால் அந்த முறை கணக்கில் வராது.

முதல் நாள் பேனா பதினோரு முறை விழுந்தது. அவர் கண் கலங்கியது. வலியால் இல்லை. "துணி வெட்டுற கை மேடம் இது" என்றார். இந்தத் தோல்வி தசையின் தோல்வி இல்லை, தசைக்கு வழி மறந்திருக்கிறது, வழி காட்டினால் வந்துவிடும் என்று அவருக்கு விளக்கினேன்.

வீட்டில் தானே சரிபார்த்துக்கொள்ள இன்னொரு அடையாளமும் கொடுத்தேன். புறங்கையைப் பார்க்கச் சொன்னேன். விரல் தசை வேலை செய்தால் மணிக்கட்டிலிருந்து விசிறி போலப் பிரிந்து ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நாண் விறைத்து எழும். எல்லோரும் நரம்பு என்று சொல்வார்களே, அதுதான். சரியான தசை வேலை செய்தால் அந்த விசிறி எழாது. மணிக்கட்டுக்கு அருகே ஆள்காட்டி, நடுவிரல்களுக்கு நேராகக் குட்டையாக ஒரு மேடு மட்டும் தெரியும். மூன்றாவது நாள் அவரே போனில் அழைத்து, "விசிறி போயிடுச்சு, மேடு வந்துடுச்சு" என்றார். அந்தக் குரல் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

பக்கவாட்டில் இருபது முறை பேனா விழாமல் வந்ததும் உள்ளங்கையைக் கவிழ்த்து, கையின் எடையோடு. பிறகு நிமிர்த்தி ஐந்து நொடி நிறுத்துவது. பிறகு நிமிர்த்திய நிலையிலேயே சுருட்டிய துண்டைப் பிடித்து விடுவது. கடைசிப் படிதான் உண்மையான வேலைக்கு மிக அருகில் இருந்தது. எட்டாம் வார முடிவில் முஷ்டி மூடிய நிமிர்த்தல் 30 டிகிரி.

மலர்த்தல்

மணிக்கட்டு வழிக்கு வந்த நேரத்தில் உள்ளங்கையை மலர்த்துவது 35 டிகிரியில் நின்றுவிட்டது. முகம் கழுவ இரு கையிலும் தண்ணீர் ஏந்த முடியாது, சில்லறை வாங்க முடியாது. இதில் உடம்பு நன்றாகவே ஏமாற்றும்: முழங்கையை விலாவிலிருந்து விலக்கித் தோளைத் திருப்பினால் உள்ளங்கை மலர்ந்தது போலத் தெரியும். முழங்கையை 90 டிகிரி மடக்கி, விலாவுக்கும் அதற்கும் இடையில் ஒரு துண்டைச் செருகி, அது விழாமல் திருப்பச் சொன்னேன். அளப்பதற்கும் பேனாவைக் கையில் கொடுத்து அதன் சாய்வைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அப்படி அளந்தால் உள்ளங்கை எலும்புகளின் திருகலும் கணக்கில் சேர்ந்துவிடும். கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையில் வைத்தேன்.

எட்டாம் வார எக்ஸ்-ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது என்று அறுவை மருத்துவர் உறுதி சொன்ன பிறகு, மலர்த்தும் திசையில் படிப்படியாக இறுக்கும் ஸ்ப்ளின்ட் போட்டோம். நாளுக்கு மூன்று முறை, தலா 30 நிமிடம், இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. இறுகிய திசுவை நீளமாக்குவது வேகமான இழுப்பு இல்லை. எல்லையில் அது இருக்கும் மொத்த நேரம்தான். வலுக்கட்டாயமாக முறுக்கினால் மூட்டு வீங்கி, ஒரு வாரப் பலன் ஒரு மாலையில் போய்விடும். ஸ்ப்ளின்டைக் கழற்றியதும் மர ஸ்கேலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பும் பயிற்சி. ஸ்கேலின் எடையே கையைக் கடைசி எல்லைக்கு இழுத்துக் கொடுக்கும்.

வலிமையும் கவனிக்க வேண்டியவையும்

எட்டாம் வாரத்தில் முதல் பிடிவலிமை அளவு: டைனமோமீட்டரின் இரண்டாம் பிடியில் மூன்று முறை சராசரி, வலது 6 கிலோ, இடது 22. எடை தூக்கும் பயிற்சியில் 250 கிராமில் தொடங்கி 1 கிலோ வரை போனோம். பன்னிரண்டாம் வாரத்தில் சுவரில் உள்ளங்கை ஊன்றி எடையேற்றுவது. கத்தரிக்கோலை முதலில் காகிதத்தில், பிறகு மெல்லிய துணியில், பிறகு இரட்டை மடிப்பில். சீக்கிரம் கடந்துவிட்ட கட்டம் இது, அடித்தளம் சரியாக இருந்ததால்.

ஒவ்வொரு வருகையிலும் கட்டைவிரல் நுனியை மடக்கவும், மேசையில் உள்ளங்கை பதித்துக் கட்டைவிரலை மேலே தூக்கவும் சொல்வேன். உள்ளங்கைப் பக்கப் பிளேட் சற்று முன்தள்ளி இருந்தால் கட்டைவிரலை மடக்கும் நாண் உரசித் தேயும். ஸ்க்ரூ நீளம் கூடினாலோ, முறிவின் விளைவாகவோ நிமிர்த்தும் நாண் அறுபடலாம். மாதங்கள் கழித்தும் நடக்கும். நறநறவென்ற உரசல், புது வலி, திடீரென்று அசையாமை: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன். இவருக்கு எதுவும் வரவில்லை.

இன்னொன்று, கையைப் பார்க்கும் மும்முரத்தில் எளிதில் விட்டுப்போவது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் எலும்பின் பலத்தைச் சோதிக்க வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பினேன். எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்தது, மருத்துவர் சிகிச்சை தொடங்கினார். கூடவே ஒற்றைக் காலில் நிற்பது முதலான சமநிலைப் பயிற்சிகளையும் சேர்த்துக்கொண்டோம். அடுத்த விழுதலில் உடைவது இடுப்பாக இருக்கக் கூடாது.

பலன்

ஆறாம் மாதத்தில் மடக்கல் 55 டிகிரி (இடது 75), மலர்த்தல் 75 (இடது 85), கவிழ்த்தல் 80. வலது பிடிவலிமை 18.5 கிலோ. பி.ஆர்.டபிள்யூ.இ. பன்னிரண்டாம் வாரத்தில் 41, ஆறாம் மாதத்தில் 14. இந்த முறிவில் இந்தக் கேள்வித்தாளில் 11.5 புள்ளி குறைந்தாலே நோயாளி மாற்றத்தை உணர்கிறார் என்று 2015-இல் கணித்திருக்கிறார்கள். இவருக்குக் குறைந்தது 64. முழு நேரமும் தைக்கிறார். தரையில் உள்ளங்கை ஊன்றி எழும்போது சுண்டுவிரல் பக்கம் இன்னும் வலிக்கிறது, முஷ்டியை ஊன்றி எழுகிறார். மடக்கல் இதற்கு மேல் பெரிதாகக் கூடும் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே பிளேட் அறுவைக்குப் பிறகு, மருத்துவர் கற்றுக்கொடுத்த பயிற்சியை வீட்டிலேயே செய்தவர்கள், சிகிச்சையாளரிடம் தொடர்ந்து வந்தவர்களைவிடப் பின்தங்கவில்லை என்று 2011-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. என் அனுபவமும் அதற்கு எதிரில்லை. விரல்கள் முழுசாக மூடி, வீக்கம் வடிந்து, முஷ்டியோடு மணிக்கட்டை நிமிர்த்தத் தெரிந்தவரை வாரம் மூன்று முறை வரச் சொல்வது அவர் நேரத்தை வீணாக்குவது. வர வேண்டியவர்கள் இவரைப் போன்றவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும், சரியானதை அளந்தால்.

இந்த நிகழ்வுக்குப் பிறகு என் பதிவுத்தாளில் நிமிர்த்தலுக்கு இரண்டு கட்டங்கள் வைத்திருக்கிறேன்: விரல் திறந்து, முஷ்டி மூடி. இவருடைய தாளில் ஆறாம் மாத வரியில் 60, 58 என்று இருக்கிறது. ஐந்தாம் வார வரியில் முதல் கட்டத்தில் 15. இரண்டாவது கட்டம் காலி.